மூவாயிரம் வெள்ளி யாருக்கு?

எங்கள் ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய தோட்டப்புறப் பட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நீளத் தெரு, அதன் முனையில் பேருந்து நிலையம், நாலு கோப்பிக்கடை, ஒரு மாரியம்மன் கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, சுற்றிலும் செம்பனை. பால்மரம், அதாவது ரப்பர் மரம், நின்ற காலத்தில் லயத்தில் இருந்தவர்களின் பிள்ளைகள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். லயங்களில் இப்போது வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். பெயரை ஏன் மறைக்கிறேன் என்பது படிக்கும்போதே தெரிந்துவிடும்.

நான் அரசு கிளினிக்கில் முப்பத்தொரு வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். சந்தையில் மீன் விற்பவர்கூட இன்னும் என்னை ‘மிஸ்ஸி’ என்றுதான் கூப்பிடுகிறார். இப்போது ஒரு சின்ன சமூகநலச் சங்கத்தில் செயலாளர். ஊர் வியாபாரி ஒருவர் ‘சுகாதார வேலைக்கு’ என்று மூவாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தார். கண் பரிசோதனை முகாம், ரத்ததானம் என்று வழக்கமான யோசனைகள் வந்தன. நான் வேறொன்று சொன்னேன். பாலியல் தொழிலில் இருக்கும் பெண்களும் திருநங்கைகளும் நம் ஊரில் இருக்கிறார்கள். இல்லை என்று சாதிப்பவர் இரவு ஒன்பது மணிக்கு மேல் பேருந்து நிலையத்துப் பக்கம் போகாதவர். அவர்களை நேரில் சந்திக்க வேண்டியிருக்கிறவர்களுக்கு ஒரு பயிற்சி வைப்போம்: தோட்டத்து டிரெசர்கள் (மருத்துவ உதவியாளர்கள்), கிளினிக் கவுண்டரில் இருப்பவர்கள், மருந்துக்கடைப் பெண்கள், இரண்டு மண்டோர்கள் (தோட்டத்து மேற்பார்வையாளர்கள்), சங்கத்துத் தொண்டர்கள். இருபது பேர், நாலு வகுப்பு.

இந்த யோசனைக்குக் காரணம் ஒன்று உண்டு. நான் வேலையில் இருந்த கடைசி வருடம், ஒரு பெண் கவுண்டரில் நின்றார். ‘என்ன சாக்கிட்?’ (என்ன நோய்?) என்று கண்ணாடிக்கு உள்ளிருந்து உரக்கக் கேட்டார்கள். பின்னால் வரிசையில் பத்துப் பேர். அந்தப் பெண் ‘தலைவலி’ என்றார். தலைவலிக்குப் பனடோல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்ன நோய்க்காக வந்தார் என்பது எனக்குத் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை.

பயிற்சிக்குத் தலைவர் ஒப்புக்கொண்டார். வகுப்பை யார் எடுப்பது, பணத்தை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் ஆறு வாரம் இழுத்தது. மேசையில் வந்த ஒவ்வொரு யோசனையையும் எடைபோட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு ஊர்களில் இதே கேள்வி வரும்போது ஆறு வாரம் மிச்சமாகட்டும்.

முதல் யோசனை, அரசு டாக்டர். கடிதம் போட்டால் வருவார், காசு கிடையாது, யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். அவர் சொல்வது துல்லியமாகவும் இருக்கும். எச்ஐவி தொற்று நேர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். மருந்தை ஒழுங்காக எடுத்து ரத்தத்தில் கிருமியைக் காணமுடியாத அளவுக்குக் குறைத்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாக அது பரவாது. முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் மாத்திரையை 2023 முதல் சில அரசு கிளினிக்குகளில் கொடுக்கிறார்கள். இதெல்லாம் டாக்டர் வாயால் வந்தால்தான் டிரெசர் நம்புவார். ஆனால் கவுண்டரில் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை டாக்டர் அறியமாட்டார். அவர் அறைக்கு வந்து சேர்ந்தவர்களை மட்டுமே அவர் பார்க்கிறார், பனடோலோடு திரும்பிப் போனவர்களை அல்ல. நாலு வகுப்பில் ஒன்று டாக்டருக்கு. அதில் சண்டை இல்லை.

இரண்டாவது, தன்முனைப்புப் பேச்சாளர். இதை நீட்டமாட்டேன். போன வருடம் ஒருவருக்கு இரண்டு மணி நேரத்துக்கு 1,200 வெள்ளி கொடுத்தோம், ‘உன்னால் முடியும்’ என்று நாப்பது தடவை கைதட்ட வைத்தார். இந்தத் தொகையை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது, தலைநகரிலிருந்து களப்பணி அமைப்புகளின் ஆட்களை வரவழைப்பது. நம் நாட்டில் எச்ஐவி முதலில் கண்டறியப்பட்டது 1986-இல். அடுத்த வருடமே கோலாலம்பூரில் இன்று பிடி அறவாரியம் எனப்படும் அமைப்பு தொடங்கியது. 1992-இல் மலேசிய எய்ட்ஸ் மன்றம் வந்தது. கோலாலம்பூரின் சௌக்கிட் பகுதிச் சந்துகளில் இரவெல்லாம் நடந்து வேலை செய்த ஆட்கள் அந்த வட்டாரத்தில் உண்டு. அவர்களில் சிலர் தாங்களே அந்தத் தொழிலில் இருந்தவர்கள். மற்றவர்கள் சமூகப்பணி படித்தவர்கள். இரண்டாம் வகையினர் நன்றாகப் பேசுவார்கள், படம் போட்டுக் காட்டுவார்கள், ஆனால் அவர்கள் சொல்வது கேட்டறிந்தது. அதோடு சௌக்கிட் வேறு, தோட்டப்புறம் வேறு. அங்கே ஒரு பெண் ஒரு சந்து தள்ளிப் போனால் யாரோ ஆகிவிடுவார். இங்கே நாலு மைல் தள்ளிப் போனாலும் இன்னார் மகள்தான்.

நான்காவது யோசனையைப் பொருளாளர் அண்ணன் சொன்னார். நல்ல மனசோடு சொன்னார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘அந்த மாதிரி ஒரு அம்மாவையே கூப்பிட்டு மேடையில பேசச் சொல்லுவோமே. அவங்க பட்ட கஷ்டத்தக் கேட்டா எல்லாருக்கும் மனசு எளகும். ஒரு ஹேம்பர் கொடுத்து பொன்னாடை போத்துவோம்.’

எனக்கு நெஞ்சு திக்கென்றது. சில வருடங்களுக்கு முன் வேறோர் ஊரில் வேறோர் சங்கத்தார் இதையேதான் செய்தார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் பேசினார், அழுதார், மண்டபமே அழுதது. யாரோ கைப்பேசியில் படம் எடுத்தார். இரண்டு நாளில் வாட்ஸாப்பில் சுற்றியது. மூன்றாவது நாள் அவர் மகன் பள்ளிக்கூடத்தில் கூனிக்குறுகி நின்றான். அந்த மாதம் முடிவதற்குள் குடும்பம் ஜொகூர் பக்கம் போய்விட்டது. ஹேம்பரில் இருந்தவை மைலோ டின், பிஸ்கட், ஓர் ஆரஞ்சு ஜூஸ் பாட்டில். கேட்டவர்களுக்கு மனசு இளகியது உண்மை. ஒருவராவது மறுநாள் தன் வேலையை வேறுவிதமாகச் செய்தாரா என்றால், எனக்குத் தெரிந்து இல்லை.

ஐந்தாவது யோசனை இதைப் போலவே தோன்றும், ஆனால் அடியோடு வேறு. தொழிலில் இருப்பவரையே பயிற்றுநராக, ஆலோசகராக வைத்து, ஒரு நிபுணருக்குக் கொடுப்பதுபோலக் கட்டணம் கொடுப்பது. இதை நான் சொன்னேன் என்று பெருமை அடித்துக்கொள்ளலாம். உண்மையில் சொன்னவர் பேருந்து நிலையத்துப் பக்கம் இருக்கும் ஒருவர். பயிற்சியைப் பற்றிப் பேச நான் அவரைத் தேடிப் போனேன். ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, ‘கொஞ்சம் உங்க விசயமெல்லாம் சொல்லும்மா’ என்று ஆரம்பித்தேன். அவர் கோப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

‘மிஸ்ஸி, ஒங்களுக்கு என் கதை வேணுமா, எனக்குத் தெரிஞ்ச வேல வேணுமா? கதைன்னா அது விக்கிறதுக்கு இல்ல. வேலைன்னா மணிக்கு எம்பது வெள்ளி.’

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது. என் அம்மா பால்மரம் சீவிப் பால் எடுத்தவர். பட்டையைக் காயப்படுத்தாமல் எவ்வளவு ஆழம் கத்தியை இறக்குவது, மழை வந்த மறுநாள் எந்த மரத்தை விடுவது என்பதையெல்லாம் புதிதாக வந்த சின்னதுரைமார்கள் அம்மாவைப் போன்றவர்களிடம் நின்று பார்த்துத்தான் கற்றார்கள். குறித்துக்கொண்டு போனதை ஆபீசில் ரிப்போர்ட் ஆக்கினார்கள். அம்மாவுக்கு அன்றைய பால் எடைக்கான கூலி மட்டும். ‘துரை எங்கிட்டதான் கேட்டாரு’ என்று சாகும்வரை சொல்லிச் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷம் இலவசமாக வந்தது என்று இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கிறது.

பாலியல் தொழிலாளர்களிடமிருந்து உலகம் இதைப்போல எவ்வளவோ எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் எச்ஐவி இருப்பது முதன்முதலில் தெரிந்தது 1986-இல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிநடத்த, செல்லப்பன் நிர்மலா என்ற மாணவி பெண்கள் காப்பகத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளர்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். அந்த இருவரின் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் தேடியிராவிட்டால் இன்னும் பல வருடம் நாடு கண்ணை மூடிக்கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பெண்கள் அங்கே ரத்தம் கொடுத்தவர்கள் மட்டுமே. பிறகு நோனாக்ஸினால்-9 என்ற விந்துகொல்லிக் களிம்பு எச்ஐவியைத் தடுக்குமா என்று தாய்லாந்திலும் ஆப்பிரிக்காவில் மூன்று நாடுகளிலும் பாலியல் தொழிலாளர்களை வைத்துச் சோதித்தார்கள். அதை அடிக்கடி பயன்படுத்தியவர்களுக்குத் தொற்று கூடுதலாகவே வந்தது என்ற முடிவு 2000-இல் வெளியானது.

கேள்வி கேட்கும் இடத்தில் அவர்கள் இருந்தால் என்ன ஆகும் என்பதைக் கம்போடியா காட்டியது. எச்ஐவி வராமல் தடுக்க டெனோபோவிர் மாத்திரை உதவுமா என்று அங்கே பாலியல் தொழிலாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தத் திட்டமிட்டார்கள். ‘மருந்தால் எங்களுக்குப் பின்னால் ஏதாவது ஆனால் யார் பார்ப்பது?’ என்று அந்தப் பெண்களின் சங்கம் கேட்டது. சரியான பதில் வரவில்லை. 2004-இல் அரசு ஆய்வையே நிறுத்திவிட்டது. இன்று பிரெப் மாத்திரையில் இருப்பது அதே டெனோபோவிர்தான். மருந்தில் குற்றமில்லை. தொடங்குவதற்கு முன்னமே அந்தப் பெண்களை மேசையில் உட்கார வைத்து ஆலோசனை கேட்டிருந்தால், கதை வேறாகப் போயிருக்கலாம் என்பது என் எண்ணம்.

மேசையில் உட்கார வைத்த இடங்களும் உண்டு. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் 1992-இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா வேலையைத் தொடங்கியபோது, வெளியிலிருந்து தாதிகளைக் கொண்டுவரவில்லை. அங்கேயே தொழிலில் இருந்த பெண்களை ஊக்கத்தொகை கொடுத்துக் கல்வியாளர்களாக நியமித்தார். பச்சை மேலங்கி போட்டுக்கொண்டு அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்றே வருடத்தில், 1995-இல், அந்தப் பெண்கள் துர்பார் என்ற தங்கள் சொந்த அமைப்பையும் ஒரு கூட்டுறவுச் சங்கத்தையும் தொடங்கினார்கள். மைசூரில் அஷோதயா சமிதி ஒரு படி மேலே போனது. அங்கே பாலியல் தொழிலாளர்களே ஆசிரியர்கள், பிற நாட்டுக்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். நியூசிலாந்தில் 1987-இல் உருவான பாலியல் தொழிலாளர் கூட்டமைப்பு, அடுத்த வருடமே சுகாதார அமைச்சோடு ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு வேலை செய்யத் தொடங்கியது. 2003-இல் சட்டம் மாறி அங்கே தொழில் குற்றமற்றதானது. அடுத்த வருடம் தொழிலிடப் பாதுகாப்பு வழிகாட்டி வந்தபோது அதிலும் அவர்கள் கை இருந்தது.

இந்த உதாரணங்களை நான் கூட்டத்தில் சொன்னபோது தலைவர் ஒன்று கேட்டார். நியாயமான கேள்வி. ‘அதெல்லாம் சரி, கொல்கத்தாவுல ஆயிரக்கணக்கான பேரு ஒரே எடத்துல இருக்காங்க. நியூசிலாந்துல சட்டமே கூட நிக்குது. நம்ம ஊர்ல இருக்கறது விரல்விட்டு எண்ணக்கூடிய ஆளுங்க. இங்க எப்படி?’

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழித்தோம்.

சட்டத்தை முதலில் பார்த்தோம். நம் தண்டனைச் சட்டத்தின் 372பி பிரிவு பாலியல் தொழிலுக்கு ஆள் அழைப்பதைக் குற்றமாக்குகிறது. 372ஏ பிறருடைய அந்த வருமானத்தில் வாழ்வதை. 373 விடுதி நடத்துவதை. ஒருவர் ஒரு கூடத்தில் உட்கார்ந்து, கிளினிக் ஆட்களுக்குத் தன் தொழிலின் சுகாதாரப் பிரச்சினைகளை விளக்கிக் கட்டணம் வாங்குவது இவற்றில் எதிலும் வராது. ஆனால் சட்டப் புத்தகம் ஒன்று, பயம் வேறொன்று. முஸ்லிமாக இருப்பவருக்கு மாநில ஷரியா சட்டங்கள் தனியாக உண்டு, அவருக்கு வரக்கூடிய ஆபத்து வேறு அளவில் இருக்கும். அழைப்பவர்தான் இதை முன்னால் யோசிக்க வேண்டும். வந்து மாட்டிக்கொள்வது அவராக இருக்கும், நாமாக இருக்காது.

பிறகு மேடை. இந்த ஊரில் ஒருவர் மேடையேறிவிட்டால் இறங்கவே முடியாது. அதனால் உள்ளூர்க்காரர் மேடையேறக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்தோம். அப்படியானால் அவர் அறிவு வேண்டாமா? வேண்டும், மற்ற எல்லாரையும்விட அவருடையதுதான் வேண்டும். இங்கேதான் ‘பயிற்றுநர்’ என்பதும் ‘ஆலோசகர்’ என்பதும் இரண்டு தனி வேலைகளாகப் பிரிந்தன. பயிற்றுநர் ஆட்களுக்கு முன் நிற்பவர். அவர் பினாங்கிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வரட்டும், பேசிப் பழகியவராக, தன் அமைப்பின் பின்பலம் உள்ளவராக இருக்கட்டும். ஆலோசகர் நான்கு சுவருக்குள் என்னோடு உட்கார்ந்து பாடத்தைத் திருத்துபவர். அவர் இந்த ஊர்க்காரர். அவர் யார் என்று எனக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரியும்.

தொழிலை விட்டு வெளியே வந்தவரை அழைப்பதா, இன்னும் தொழிலில் இருப்பவரையா என்றும் ஒரு தகராறு வந்தது. பெண்கள் பிரிவுத் தலைவி, ‘மீண்டு வந்தவரைக் கூப்பிட்டால் ஊரும் ஒப்புக்கொள்ளும்’ என்றார். உலகம் முழுக்க இந்தப் பிளவு இருக்கிறது. தொழிலையே ஒழிக்க வேண்டும் என்பவர்கள் வெளியே வந்தவர்களை முன்னிறுத்துகிறார்கள், தொழிலாளர் உரிமை என்பவர்கள் உள்ளே இருப்பவர்களை. இருவரும் அனுபவம் உள்ளவர்களே, ஒருவர் சொல்வதை வைத்து இன்னொருவரைப் பொய்யராக்க வேண்டியதில்லை. வெளியேற நினைப்பவருக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று கற்பிக்க, வெளியேறியவரே சரி. கிளினிக் கவுண்டரில் இன்றைக்கு என்ன தப்பு நடக்கிறது என்பதை, இன்றைக்கு அந்தக் கவுண்டருக்கு வருபவர்தான் சொல்ல முடியும். எங்கள் பயிற்சி இரண்டாவதைப் பற்றியது. ‘ஊர் ஒப்புக்கொள்ளும்’ என்பதற்காக முதலாமவரை அழைத்தால், மறுபடியும் கண்ணீர்க் கூட்டம்தான் நடக்கும்.

மணிக்கு எண்பது வெள்ளி என்றதும் பொருளாளர் அண்ணன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ‘டியூஷன் டீச்சருக்கே அவ்வளவு இல்லம்மா. ஐம்பது வெள்ளி அன்பளிப்பா கவர்ல வெச்சுக் கொடுத்துடலாம்.’ நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 வெள்ளி, மணிக்குக் கணக்குப் போட்டால் 8 வெள்ளி 72 சென். அதோடு ஒப்பிட்டால் எண்பது பெரிதுதான். ஆனால் நாம் ஒப்பிட வேண்டியது எதோடு? நாற்பது தடவை கைதட்ட வைத்தவருக்கு மணிக்கு அறுநூறு கொடுத்தபோது யாரும் கண்ணாடியைக் கழற்றவில்லை. இதைச் சொன்னேன். கூட்டத்தில் கொஞ்ச நேரம் பேச்சில்லை, விசிறி மட்டும் சுற்றியது.

இன்னொருவர், ‘பணம் கொடுத்தா தொழில ஊக்கப்படுத்துற மாதிரி ஆகாதா?’ என்றார். பாடம் எடுக்கிற அந்த நேரத்தில் அவர் வேறு வழியில் சம்பாதிக்கிறார். இதில் எதை ஊக்கப்படுத்துகிறோம்? மாறாக, இலவசமாக வரச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு வேலையை விட்டுவிட்டு வந்து நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அந்த இழப்பை ஈடுகட்ட மறுநாள் கோண்டம் (ஆணுறை) இல்லாமல் வருகிறவரிடமும் அவர் சரி சொல்ல நேரிடலாம். இது என் கற்பனையல்ல. கூடுதல் பணத்துக்குக் கோண்டம் வேண்டாம் என்று கேட்பவர்கள் எப்போதும் உண்டு, கையில் காசில்லாத நாளில் மறுப்பது கடினம் என்று அவரே சொன்னார்.

எண்பது வெள்ளிக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன், இதுவரை முடிந்திருப்பது மூன்று மணி நேரம்தான்.

ஏழாம் தேதி தோட்டத்துச் சம்பளம். ஏழிலிருந்து பதினைந்துவரைக்கும்தான் ஆள் வரத்து. இலவசக் கோண்டம் கொடுக்கும் ஏற்பாட்டை நான் இருபதாம் தேதிக்குக் குறித்து வைத்திருந்தேன். ‘அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சே மிஸ்ஸி’ என்றார். ஐந்தாம் தேதிக்கு மாற்றினேன். முப்பத்தொரு வருட அனுபவத்தில் இந்தக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

கோண்டம் கிழிவது ஏன் என்று என் பாடத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதில் தேங்காய் எண்ணெய் இல்லை. இங்கே பலர் பயன்படுத்துவது தேங்காய் எண்ணெயும் பேபி ஆயிலும்தான், லேடெக்ஸ் ரப்பருக்கு எண்ணெய் பகை. ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவளுக்கு இதை இன்னொருவர் சொல்ல வேண்டியிருந்தது. தண்ணீர் சார்ந்த வழுக்குக் களிம்பு பாக்கெட்டுகளும் சேர்த்துக் கொடுத்தால்தான் பயன் என்றார். பயத்தில் இரண்டைச் சேர்த்துப் போடுகிறவர்களும் உண்டாம். உரசி இரண்டுமே கிழியும். சம்சு குடித்துவிட்டு வருகிறவரிடம் எப்படிப் பேசுவது, காசை எப்போது வாங்குவது, எந்த அறையில் கதவுப் பக்கம் உட்காருவது என்பதெல்லாம் டாக்டருடைய ஸ்லைடில் வராது. ஆனால் கிழிவதற்கும் அடிபடுவதற்கும் அந்த இடங்கள்தான் காரணம்.

மண்டோர்கள் இருவர் வருகிறார்கள் என்றதும் அவர் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றிச் சொன்னார். கட்டாய மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவி தெரிந்தால் பெர்மிட் போய்விடும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் அவர்கள் எந்தக் கிளினிக்கையும் எட்டிப் பார்ப்பதில்லை. புண்ணோடு வருகிறார்கள், கேட்டால் கொசுக்கடி என்கிறார்கள். அவர்களிடம் போய்ப் பேச முடிகிற ஒரே ஆள் மண்டோர். அவர் நையாண்டி பண்ணாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

‘எத்தனை பேரோட இருந்தீங்க’ என்று தாதிகள் கேட்பதை அடிக்கச் சொன்னார். அதற்கு யாரும் நிஜம் சொல்லமாட்டார்கள். ‘கடைசியா எப்ப கிழிஞ்சுது’ என்று கேட்டால் சொல்வார்கள். 72 மணி நேரக் கணக்குக்குத் தேவையான தகவலும் அதுதான். பெயர் சொல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளும் ஏற்பாடு அரசு கிளினிக்கில் இருக்கிறது என்று நான் பெருமையாகச் சொன்னபோது சிரித்தார். ‘பேரு கேக்கமாட்டாங்க. ஆனா கவுண்டர்ல இருக்கறது எங்க பக்கத்து வீட்டு அக்கா.’ அதனால்தான் கவுண்டர் ஆட்கள் வகுப்பில் இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியமாகிவிட்டது.

கட்டாயத்தில் மாட்டியிருப்பவரை எப்படி அடையாளம் காண்பது என்று கேட்டேன். ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் 2007 முதல் நம்மிடம் இருக்கிறது, ஆனால் டிரெசருக்கு அதை எப்படிச் சொல்லித் தருவது? பாஸ்போர்ட் அவள் கையில் இருக்கிறதா, கைப்பேசி யார் பையில் இருக்கிறது, கேள்வி கேட்டால் பதில் யார் சொல்கிறார்கள், இந்த மூன்றையும் பார்க்கச் சொன்னார். பிறகு அவரே ஓர் எல்லை போட்டார்: ‘எனக்குத் தெரிஞ்சது என் வட்டாரம்தான். போன்ல அப்ளிகேசன் வழியா பண்றவங்க வேற. திருநங்கைங்க படுற பாடு வேற. அதுக்கு நான் பேசக் கூடாது.’ இந்த எல்லையை எந்தத் தன்முனைப்புப் பேச்சாளரும் எங்களிடம் போட்டதில்லை. திருநங்கைகளுக்கான பகுதிக்கு வெளியூரிலிருந்து இன்னொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் கணக்கு இப்படி வந்தது. டாக்டருக்கு ஒரு வகுப்பு, பெட்ரோல், சாப்பாடு, நினைவுப் பரிசு சேர்த்து 150 வெள்ளி. வெளியூர்ப் பயிற்றுநருக்கு இரண்டு வகுப்பு, வகுப்புக்கு 500, அதாவது 1,000. பஸ், தங்கும் அறை 300. உள்ளூர் ஆலோசகருக்குப் பன்னிரண்டு மணி நேரம், 960. மண்டபம், தேநீர், நகல் எடுப்பது 400. நான்காவது வகுப்பை நான் எடுக்கிறேன், எனக்குக் காசு வேண்டாம், பென்சன் வருகிறது. மீதி 190 வெள்ளியைப் பொருளாளர் அவசரத்துக்கு என்று பிடித்து வைத்திருக்கிறார். கோயில் மண்டபம் வேண்டாம் என்று நாங்களே விட்டுவிட்டோம். அங்கே யார் யார் வருகிறார்கள் என்று பார்க்கவே ஆள் நிற்கும்.

வவுச்சர் ஒரு பெரிய முட்டுக்கட்டையாக இருந்தது. கணக்காய்வுக்குப் பெயர், ஐசி (அடையாள அட்டை) நம்பர், கையெழுத்து மூன்றும் வேண்டும். பொய்ப் பெயர் எழுத முடியாது, எழுதவும் கூடாது. ‘பாலியல் தொழிலாளி, உரைக் கட்டணம்’ என்று எழுதினால் அடுத்த பொதுக்கூட்டத்தில் ஊர் முழுக்கப் படிக்கும். சொந்தப் பெயர், ‘பாடநூல் ஆலோசனைக் கட்டணம்’ என்று எழுதினோம். பொய் இல்லை, தேவைக்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு வவுச்சரைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

இந்தக் கட்டுரையையும் அவரிடம் வாசித்துக் காட்டினேன். மூன்று இடங்களில் அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டேன். அதற்கு ஒரு மணி நேரம் கணக்கில் ஏறியிருக்கிறது.

முதல் வகுப்பைச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குறித்திருந்தோம். வெளியூர்ப் பயிற்றுநர் தொலைபேசியில் தேதியைக் கேட்டதுமே, ‘அக்கா, சம்பளம் போட்ட வாரத்துல சனிக்கெழம காலைல என்னைய எழுப்ப முடியாது’ என்றார். செவ்வாய்க்கிழமை மாலை மூன்று மணிக்கு மாற்றியாகிவிட்டது. டிரெசர்கள் அரைநாள் லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.